பன்னிரண்டரை

கட்டிலுக்கடியில் நாலு காயிலோவர் கிடக்கின்றன,
நீலச் சுருள், வெள்ளித் தண்டு, பழைய போர்வைக்குள்.
புதுப்பேட்டை ஹபீப் நாற்பதாயிரம் சொன்னான்,
முப்பத்தாறுக்கு இறங்கினான்.
"பெங்களூர் பையன், ஆறே மாசம் ஓட்டினது பாய்."
ஏன் கழற்றினான் என்று நான் கேட்கவில்லை.

டயருக்கும் மேல்வளைவுக்கும் நடுவே
நாலு விரல் போகிறது இப்போது.
மழைத்தண்ணீரில் புடவையைத் தூக்கிச் செருகி
நடுத்தெருவில் நிற்பவள் போல நிற்கிறது என் கார்.
ஒரு விரல் போதும் எனக்கு.
தரையை முகர்ந்தபடி போகும் வண்டி
இருபது வயதில் கேட்ட ஆசை,
நாற்பத்தொன்றில்தான் காசு வந்தது.

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு
பியூலாவின் தையல் டேப்பும் ஒரு மரச்சட்டமுமாய்
கொட்டிவாக்கத்தின் வேகத்தடைகளை அளக்கப் போனேன்.
பள்ளிக்கூட வாசலில் ஒன்பது.
தண்ணி லாரி திரும்பும் முனையில் பதினொன்று.
கல்யாண மண்டபத்துக்கு எதிரே பதினான்கு,
அதன் மேல் போன வாரத்துத் தார் இன்னும் இளகலாக.
என் வண்டியின் வயிறு பதினாறரையில் தொங்குகிறது.
நாலு இறக்கினால் பன்னிரண்டரை.
அதுவும் நான் மட்டும் ஏறினால்.

தலைக்குப் பின்னால் பைக் வெளிச்சம்.
"இன்னா சார், ரோட்ல படுத்துக்கினு?"
சட்டைப் பட்டையில் குணாளன்.
சொன்னேன். வில், தண்டு, மரையில் ஏறி இறங்கும் வளையம்,
எல்லாம் சொன்னேன், ஒரு மேஸ்திரியிடம் சொல்வதுபோல.
கொஞ்ச நேரம் தடையையே பார்த்தார்.
"நீலாங்கரை திருப்பத்துல ஒண்ணு இருக்கு, அதையும் அளங்க.
என் சைலன்சர் ரெண்டு வாட்டி போச்சு."
டார்ச்சைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தார்.
கிளம்பும்போது மட்டும்,
"ஆர்.சி.ல ஏத்துவீங்க இல்ல?"
நான் அந்தப் பதினொன்றை
இன்னொரு முறை அளந்தேன்.

பியூலா கேக் செய்கிறாள்.
ஞாயிற்றுக்கிழமை பெரம்பூரில் ஒரு கல்யாண வரவேற்பு,
மூன்றடுக்கு, பட்டர் கிரீம்,
பின்சீட்டில் அவள் மடிக்கும் கதவுக்கும் நடுவே.
"புது ஸ்ப்ரிங் எவ்வளவு கெட்டி?"
ஒரு மில்லிமீட்டர் அமுக்க ஆறு கிலோ என்றேன்.
"இப்போ இருக்கறது?"
அதில் பாதிகூட வராது.
"அப்ப நீ இறக்கறது வண்டியை இல்ல,
என் மேல் அடுக்கை."

இன்று மதியம் பெட்டியைப் பிரித்து
மரைகளில் எண்ணெய் அடித்தேன்.
மூன்று வளையம் சுற்றியது.
முன் இடதுபக்கம் மட்டும் அசையவில்லை.
துணியால் துடைத்தால் வெள்ளையாய்ப் பொடி.
விரலில் எடுத்து நாக்கில் வைத்தேன், கரித்தது.
பெங்களூரில் ஏது கடல், ஹபீப்?
இது எங்கள் தெரு மாதிரி ஒரு தெருவில்
இரண்டு மழைக்காலம் நின்ற வண்டியிலிருந்து வந்திருக்கிறது.
அவனும் எங்கோ பதினான்கில் இடித்திருப்பான்.
அவன் பின்சீட்டிலும் யாரோ
எதையோ பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இன்னும் அலைன்மென்ட் காசு இருக்கிறது.
டயர் உரசினால் உள்விளிம்பை மடிக்க வேண்டும்.
இன்ஷூரன்ஸுக்கு எழுதிப்போட வேண்டும்.
வானிலை அறிக்கை வேறு தாழ்வு மண்டலம் என்கிறது.

"ஏறவும் இறங்கவும் செய்யும்னுதானே வாங்கின,
இப்ப இருக்கற உயரத்துலயே வச்சுக்கோயேன்."
முப்பத்தாறாயிரம் கொடுத்து அதே இடத்திலா?
அவள் சிரிக்கவில்லை. நானும்தான்.

மாலையில் அடிப்பலகையை அளக்க டேப்பை எடுத்தாள்.
பதினான்காவது கோட்டில் தார்.
நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், போகவில்லை.
டேப்பைத் திருப்பி
மறுபக்கத்து இஞ்சில் அளந்துகொண்டாள்.
கட்டிலுக்கடியில் குனிந்து
அசையாத அந்த வளையத்துக்கு
இன்னும் கொஞ்சம் எண்ணெய் அடித்தேன்.