காயப்போட்ட சுவர்

சிந்துபூந்துறையில்
பழைய பேட்டரிக் கடையை வாடகைக்குப் பிடித்து
மூன்று பேர் வெள்ளையடித்தோம்.
‘படம் மாட்டுத கடை’ என்றது தெரு.
திறப்பு விழாவுக்கு இருபது பேர் வந்தால் அதிகம்.

ஆறு ஏறி வந்த ராத்திரி
ஜெபக்கனியின் பதினொரு ஓவியங்களும்
தண்ணியில் விழுந்த அப்பளமாய் உப்பின.
சுவரில் நெஞ்சுயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு.

மூன்றாம் நாள்
பிளாஸ்டிக் வாளியோடு வந்தாள் ராபியத்து.
‘ஒங்க கம்பியில கொஞ்சம் எடம் கெடைக்குமா?’
வாளிக்குள் ரேஷன் அட்டை, வீட்டுப் பத்திரம்,
பக்கத்துக்குப் பக்கம் ஒட்டிக்கொண்ட கல்யாண ஆல்பம்.

சாயங்காலத்துக்குள் தெருவே வந்துவிட்டது.
சட்டகங்கள் தொங்கிய கிளிப்புகளில்
பட்டா காய்ந்தது, தடுப்பூசி அட்டை காய்ந்தது,
எல்.ஐ.சி. பாண்டு காய்ந்தது.
கரண்ட் இல்லை. அழைப்பிதழ்களை மடித்து விசிறினோம்.
வாடகை கேட்க வந்த உரிமையாளர்
தன் பத்திரத்துக்கும் ஒரு கிளிப் கேட்டார்,
மாசத்தைப் பற்றிப் பேசவில்லை.

கூரியர் ஆறுமுகநயினார்
பத்தாம் வகுப்புக் கணக்கில் பதினேழு என்பதை
அவர் சம்சாரம் அங்கேதான் வாசித்தாள்.
‘பாஸுன்னுல்லா சொன்னீய!’
அந்த வாரம் நான் கேட்ட முதல் சிரிப்பு.

எல்லாரும் எடுத்துப் போய்விட்டார்கள்.
யாரும் தேடி வராத ஓர் எக்ஸ்ரே மட்டும்
ஜன்னலோரம் இருக்கிறது, இடது முழங்கை.
பத்து மணி வெயிலில் எலும்பு துலங்கும்.

போன மாதம் சென்னைக்காரர் ஒருவர்
வெகுநேரம் அதன் முன் நின்று
விலை கேட்டார்.

‘கைக்குச் சொந்தக்காரவுக வரட்டும்’
என்றாள் ஜெபக்கனி,
பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே.