தேய்மானம் சேராது

வண்டிக்கு விலை பேசி முடித்த பிறகுதான்
அந்த இன்னோர் அறைக்குள் எங்களை உட்காரவைத்தான்.
சட்டையில் கீட்டன் என்று பெயர். இருபத்தைந்து இருக்கும்.
குளிர்ந்த தண்ணீர் பாட்டில் இரண்டு,
ஒன்பது பக்கக் காகிதம் ஒன்று.

கண்ணாடிக்கு வெளியே மைனாட் நகரத்துக் காற்றில்
இருபத்தாறு அடி நீளத்துக்கு எங்கள் வண்டி.
அடுப்பு, கட்டில், கழிவறை, எல்லாம் உள்ளேயே.
எங்களுக்கு முன் யாரோ அறுபதாயிரம் மைல் குடியிருந்தது.

"ஏழு வருஷம். எது உடைந்தாலும் எங்கள் பாடு."
நாலாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு டாலர்.
யானை வாங்கியாயிற்று,
அங்குசத்துக்கு அழுவார்களா என்கிற சிரிப்பு.

வெர்லின் தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டினார்.
முப்பத்தோரு வருஷம் புரொப்பேன் லாரி ஓட்டியவர்.
பேரம் பிடிக்காதபோது தொப்பி முழங்காலுக்குப் போகும்.
"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைதான் இந்த விலை" என்றான் கீட்டன்.
சனிக்கிழமை முதல்
வண்டி அதிகமாக உடையுமோ என்னவோ.

வீட்டில் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன்.
எஞ்சின் சேரும். எஞ்சினின் சீல்கள் சேரா.
கூரை சேரும். கூரை வழியே இறங்கும் தண்ணீர் சேராது.
ஃப்ரிட்ஜ் சேரும், வண்டி சாய்ந்து நின்றிருக்காவிட்டால்.
ஆறாம் பக்கத்தில் எறும்பு ஊர்ந்ததுபோல் ஒரு வரி:
தேய்மானம் சேராது.

உரக்கப் படித்தேன்.
"பிறகு வேறு எதனால்தான் ஒரு பொருள் கெடும்?" என்றார்,
இடது தோளைத் தேய்த்துக்கொண்டே.
குழாய் இழுத்த தோள்.

அவர் பக்கத்துச் சாட்சி ஒரு பாக்கெட் நோட்டு.
பழைய பிக்கப்பின் ஜாதகம்.
தொண்ணூற்று நாலு, தண்ணீர் பம்ப், அறுபத்தொன்று.
இரண்டாயிரத்து மூன்று, கியர்பாக்ஸ், ஆயிரத்துத் தொள்ளாயிரம்.
மான் மோதியது; அதற்குச் செலவு எழுதவில்லை,
இறைச்சி எண்பது பவுண்டு என்று வரவு வைத்திருந்தார்.
இருபத்தாறு வருஷத்தையும் கூட்டினால்
காகிதத்தின் விலையைவிட நூற்றுப் பன்னிரண்டு டாலர் குறைவு.

"இதே பணத்தைக் காபி டப்பாவில் போடுவோம், ஆர்டிஸ்."

காபி டப்பா.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
கூரைக்கென்று அதில் சேர்த்தது டேரலின் ஜாமீனுக்குப் போனது.
என் பல்லுக்கென்று சேர்த்தது டேரலின் வாடகைக்கு.
மகன் வந்து சமையலறை வாசலில் நின்றால் போதும்,
மூடி தானே திறந்துகொள்ளும்.
காகிதத்தில் போட்ட பணத்தை
யாரும் கடன் கேட்க முடியாது.
அதற்காகவே கையெழுத்துப் போடலாமென்று
புதன் இரவு முழுக்க விழித்துக் கிடந்தேன்.

வியாழன், அவர் தூங்கிய பிறகு
காகிதத்தின் அடியில் இருந்த எண்ணை அழைத்தேன்.
நாற்பது நிமிஷம் பியானோ.
கடைசியில் ஒரு பெண், களைத்த குரல்,
ஒப்பந்த எண் கேட்டாள்.
இன்னும் இல்லை என்றேன். ஒரு கேள்வி மட்டும்:
வயோமிங்கில், ஞாயிற்றுக்கிழமை, பனியில்,
வெளியே தள்ளிய பக்கச் சுவர் உள்ளே வர மறுத்தால்?
"அனுமதி வாங்காமல் யாரும் கழற்றக் கூடாது மேடம்.
அனுமதி திங்கள் எட்டு மணியிலிருந்து."
கொஞ்சம் நிறுத்தி, தணிந்து சொன்னாள்:
"போர்வை நிறைய வைத்துக்கொள்ளுங்கள்."
அவளை எனக்குப் பிடித்துப்போனது.

வெள்ளிக்கிழமை கீட்டனிடம் போகவில்லை.
கூட்டுறவு வங்கிக்குப் போனோம்.
நாலாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு, தனிக் கணக்கு.
இரண்டு கையெழுத்து இல்லாமல் ஒரு சென்ட் வெளியே வரக்கூடாது
என்பது என் நிபந்தனை.
வெர்லின் என்னை நிமிர்ந்து பார்த்தார்.
டேரல் என்ற பெயரை இருவருமே சொல்லவில்லை.
தொப்பி தலையிலேயே இருந்தது.

போர்வை நாலு வாங்கினேன்.

ஜூனில் கிளம்பினோம். கிளென்டைவ் தாண்டியதும்
படிக்கட்டு இறங்க மறுத்தது. ஒரு போல்ட், ஒரு டாலர் இருபது.
புது நோட்டின் முதல் வரி.
மேடு ஏறும்போதெல்லாம்
பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு
இருவரும் காலடியில் காது வைக்கிறோம்.
கியர்பாக்ஸ் இன்னும் வாய் திறக்கவில்லை.