இரண்டு கிலோ கழிவு

அரிசி டிரம்முக்குள்தான் வைத்தேன் முதலில்.
பிறகு நினைவு வந்தது,
யானை சுவரை இடித்து
அரிசியைத்தானே தேடும்.
போன ஆடியில் ஆறாம் நம்பர் வீட்டு டிரம்மை
அப்படியே தூக்கிப்போய்
பள்ளத்தில் வைத்து நிதானமாய்த் தின்றது.
பன்னிரண்டு கோடியை
ஒரு வாய் அரிசியோடு மென்றுவிடும்,
அதற்கென்ன.

எழுந்து, விளக்கைப் போடாமல்,
அவருடைய எக்ஸ்ரே கவருக்குள் மாற்றினேன்.
கூடலூர் பெரியாஸ்பத்திரியில் எடுத்த படம்.
விலா எலும்புகளுக்கு நடுவே
சீட்டு இப்போது பத்திரமாய்ப் படுத்திருக்கிறது.
அவரிடம் சொல்லவில்லை.
சந்தோஷம் வந்தால் இருமுவார்,
இருமினால் லயமே விழித்துக்கொள்ளும்.

விடிந்ததும் மலைக்குப் போனேன்.
வேறெங்கே போவது?
இடுப்பில் படங்கு,
அட்டைக்குப் புகையிலை தேய்த்த கால்.
கத்தரி வெட்ட வெட்ட
அந்த ஆறு எண்களையே சொல்லிக்கொண்டிருந்தது.
பத்து மணிக்குள் ஒரு வீடு கட்டி முடித்தேன்,
திருப்பூரில், மகனுக்குப் பக்கத்தில்,
யானை வராத தெருவில்.
பதினொன்றுக்கு இடித்துவிட்டேன்.
அந்த வெயில் எனக்கு ஆகாது.
வரி போக, கமிஷன் போக எவ்வளவு என்று
கத்தரியை நிறுத்திக் கணக்குப் போட்டால்
சைபர்கள் கொழுந்துக்குள் விழுந்து காணாமல் போயின.

மத்தியானம் எடை.
"இருபத்தேழு. ஈரத்துக்கும் சாக்குக்கும் ரெண்டு கழிவு.
இருபத்தஞ்சு."
பத்தொன்பது வருசமாய்
இந்த இடத்தில்தான் நான் வாயைத் திறப்பேன்.
சாக்கு ரெண்டு கிலோவா,
மழையை நானா கூப்பிட்டேன் என்பேன்.
ஒரு நாளும் ஜெயித்ததில்லை.
ஒரு நாளும் விட்டதுமில்லை.
இன்று
சரி என்று சொல்லி நகர்ந்துவிட்டேன்.

வரிசையே திரும்பிப் பார்த்தது.
கணக்கப்பிள்ளை பேனாவை மூடிவிட்டு
"உடம்பு சரியில்லையா?" என்றார்,
அவரிடம் நான் கேட்டறியாத குரலில்.
கமலவேணி எதுவும் கேட்கவில்லை.
கட்டின சாக்கைப் பார்க்கிற மாதிரி
என் முகத்தைப் பார்த்தாள்,
உள்ளே எத்தனை கிலோ என்று.

தாளூருக்கு மத்தி வாங்கப் போன அன்று
செக்போஸ்ட் தாண்டி, குடைக்கடியில் அயமுட்டி.
சீட்டு ஐந்நூறு. என்னிடம் நானூறு.
மீன் காசிலிருந்து ஒரு நூறை
உருவித் தந்தவள் அவள்.
"விழுந்தா பாதி எனக்கு. விழாட்டி நூறு எனக்கு."
சிரித்தாள். நானும் சிரித்தேன்.
சிரித்ததற்குச் சாட்சி
அயமுட்டியும் அரைக்கிலோ மத்தியும்.

ஐந்தில் ஒன்று என்கிறது கணக்கு.
பாதி என்றது வாய்.
வாங்கினது நூறு, கொடுக்க வேண்டியதும் நூறு என்கிறாள்
எனக்குள் புதிதாய்க் குடிவந்த ஒருத்தி.
முந்தாநாள் வரை அவளை எனக்குத் தெரியாது.
நல்ல சேலை கட்டியிருக்கிறாள்.

அவள் பேச்சைக் கேட்டுத்தான்
சாயங்காலம் ஒரு நூறை மடித்துக்கொண்டு போனேன்.
கமலவேணி அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள்.
"இந்தா. அன்னைக்கு வாங்கினது."
நோட்டைப் பார்த்தாள். கை நீட்டவில்லை.
"சம்பளம் வரட்டும், பொறவு குடு."
ஊதுகுழலை மறுபடி வாயில் வைத்தாள்.
கொஞ்ச நேரம் கழித்து, புகைக்குள்ளிருந்து:
"ரெண்டு கிலோவை ஏண்டி விட்டே?"

வெளியே பட்டாசு வெடித்தது,
யானையை விரட்டுகிற பட்டாசு.
இருவரும் வாசலுக்கு வந்து
எந்தப் பக்கம் என்று காதைக் கொடுத்து நின்றோம்.
நூறு ரூபாய் என் உள்ளங்கையில் நனைந்திருந்தது.

"உங்க வீட்டுப் பக்கந்தான்" என்றாள்.
"ஓடுடி, மொதல்ல அரிசி டிரம்மை எடு."

"அது அரிசியில இல்ல" என்றேன்.