அரைக்கட்டை

செவ்வாய்க்கிழமை காலை
தார்த்து நகரத்துப் பியானோக்கள் எல்லாம்
அரைக்கட்டை இறங்கியிருந்தன.

முதலில் நூலகத்துப் பியானோ.
ஈரம் என்று நினைத்தேன். அக்டோபர்.
ஆற்றுப் பக்கத்துச் சன்னலை
யாரோ சாத்த மறந்திருக்கலாம்.
பிறகு இசைப்பள்ளியில் இரண்டு.
பிறகு பல்மருத்துவர் ஊர்மாஸ் வீட்டில்
யாரும் வாசிக்காத,
பூச்சாடி மட்டும் தாங்குகிற ஒன்று.
வீடு திரும்புகையில் தேவாலய மணி.
அதுவும்.

மணி வெண்கலம்.
ஈரத்தில் ஊதாது வெண்கலம்.

இசைக்கவையை முழங்காலில் தட்டிக்
காதருகே பிடித்தேன்.
இருபத்திரண்டு ஆண்டுகளாய் எனக்குச் சோறு போடும்
ஒற்றைச் சொல் அதனுடையது.
வேறு சொல் சொன்னது.

ஊர் முழுக்க ஒரே நாளில்
ஒரே அளவு பொய் சொல்லாது.
மிச்சம் இருப்பது
என் இரண்டு காதுகள்.

போன வியாழன் தொடங்கிய மாத்திரை:
வெள்ளை, நடுவில் கோடு,
காலை ஒன்று, இரவு ஒன்று.
பெட்டிக்குள் மடித்த தாளை விரித்தால்
மேசை மறைந்துபோகும்.
தலைசுற்றல், தடிப்பு, இரட்டைப் பார்வை.
கடைசி மடிப்பில், பொடி எழுத்தில்,
மிக அரிதாக,
ஓசையின் உயரம் மாறிக் கேட்கலாம்.

பத்தாயிரத்தில் ஒருவர் என்பது
வெளியே நின்று எண்ணுகிறவர் கணக்கு.
உள்ளே நிற்பவளுக்கு
ஒன்றில் ஒன்று.

பின்னால் வந்ததெல்லாம்
அதனால் வந்தது ஆகிவிடாது, என்றாள் டாக்டர் கூஸ்க்.
வியாழக்கிழமை நீங்கள்
புதுக் காலணிகூட வாங்கியிருக்கலாம்.
வாங்கித்தான் இருந்தேன்.
அன்று மாலை அதைக் கழற்றிவிட்டு
மணிக்காகக் காத்திருந்தேன்.
வெண்கலம் ஏறவில்லை.

மாத்திரையையும் ஒரு வாரம்
கழற்றிப் பார்க்கலாமா?
அவள் பேனாவை மூடினாள்.
காலணியைக் கழற்றினால் கால் சில்லிடும், என்றாள்.
இதைக் கழற்றினால்...
முடிக்கவில்லை.

முடிக்கவும் வேண்டாம்.
மார்ச்சில் அரங்க மேடையில்
பெரிய பியானோவின் திறந்த வயிற்றுக்குள்
குனிந்திருந்தபோது வந்தது வலிப்பு.
கண் விழித்தால் வாயில் ரத்தம்.
மூடியைத் தாங்கும் கம்பு எங்கோ உருண்டு கிடந்தது.
மூடி மட்டும் விழவில்லை.
விளக்குப் போடும் பையன் ஒருவன்
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.
எவ்வளவு நேரமாக என்று
அவன் சொல்லவே இல்லை.
ஜூனில் படகுத்துறை.
செப்டம்பரில் குளியலறை.

இப்போது ஏப்ரல்.
டிசம்பரில் ஒன்று வந்திருக்க வேண்டும்,
மார்ச்சில் ஒன்று.
வரவில்லை.
இரண்டு வராமைகளை வைத்துச்
சத்தியம் செய்ய முடியாதுதான்.
ஆனாலும் வராததற்கு ஓசை கிடையாது.
இன்று நீ விழவில்லை என்று
எந்த மணியும் அடிப்பதில்லை.
நஷ்டம் நாள்தோறும் காதில் விழுகிறது.
லாபமோ
விழாமல் இருப்பதிலேயே இருக்கிறது.

நடுக்கோட்டில் உடைத்துப்
பாதி விழுங்கினால் கால்கட்டையோடு போகுமா?
கேட்டேன்.
பாதி மூடியை யார் பிடிப்பது, என்றாள்.

தொழில் நடக்கிறது.
மாத்திரை எல்லாவற்றையும் சேர்த்தே இறக்குகிறது,
தந்திக்கும் தந்திக்கும் நடுவில் கை வைப்பதில்லை.
ஒத்துப்போகாத இரண்டு தந்திகள் விம்மும்:
நொடிக்கு நாலு, மூன்று,
சாவியை மயிரிழை திருப்பினால் ஒன்று,
பிறகு நீண்டு, அடங்கி,
இல்லை.
விம்மலை எண்ண உயரம் தெரிய வேண்டாம்.
இசைக்கவையும் தந்தியும்
இரண்டுமே எனக்குத் தப்பாய்க் கேட்கின்றன.
தப்பும் தப்பும் ஒன்றாகும் இடத்தில்
சாவியை எடுத்துவிடுகிறேன்.
வாசிப்பவர்கள் சரி என்கிறார்கள்.
நம்புகிறேன். வேறென்ன செய்ய.

ஒன்று சொல்ல வேண்டும்.
பாத்திரம் கழுவும்போது ரெய்ன் விசிலடிப்பான்,
எப்போதும் அரைக்கட்டை தூக்கலாய்.
பதினாறு ஆண்டு பல்லைக் கடித்தேன்.
இப்போது, கடவுளே,
துல்லியம்.
அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

வெளியே மணி அடிக்கிறது.
தப்பான சுருதியில்
ஒன்பது முறை.
எண்ணிக்கை சரி.
தண்ணீர் எடுக்கிறேன்.