ஐந்தாவது பெயர்

பள்ளிக்கூடம் இரவல் கொடுத்த ஆங்கில நாவல்.
அட்டையின் உட்புறம் கட்டம் போட்ட தாள்:
ஆண்டு, மாணவி பெயர், புத்தகத்தின் நிலை.
ஐந்தாவது வரியில் சாய்ந்த கையெழுத்து.
1973. எஸ். மூட்லி. நிலை: நன்று.

(முதலியாரை மூட்லி ஆக்கியவன்
யாரோ ஒரு துறைமுகக் குமாஸ்தா.
எஸ்ஸை வெறும் எஸ் ஆக்கியது
நாங்கள்.)

சௌந்தரவல்லி என்று எங்கள் வீட்டில்
யாரும் சொல்லி ஐந்து வருஷம்.
கல்யாண வீடுகளில் டிரம் வாசிக்கும்
வென்ட்வொர்த்துக்காரன் ஒருவனோடு போனாள்,
ஒரு வெள்ளிக்கிழமை,
தையல் ஆலைச் சம்பள உறையைப் பிரிக்காமல்
மேசைமேல் வைத்துவிட்டு.
சம்பளத்தை அம்மா எடுத்துக்கொண்டாள்.
படத்தை அப்பா இறக்கினார்.
ஆணியில் இப்போது
இன்ஷூரன்ஸ் கம்பெனி காலண்டர்.

நாவலில் மழை, குதிரை வண்டி, கடிதங்கள்.
ஒருவருக்கும் வேலை கிடையாது,
கல்யாணம்தான் வேலை.
பையன்களின் வருமானத்தை அம்மாக்கள்
மீன் மார்க்கெட்டில் நிற்பவர்கள்போலச்
செவுளைத் தூக்கிப் பார்க்கிறார்கள்.
ஒருத்தி கால் இடறினால்
மிச்சப் பெண்களின் விலை இறங்குகிறது.
"அந்தக் காலத்து இங்கிலீஷ் சமூகம்,
நமக்குப் புரிவது சிரமம்" என்றார் டீச்சர்.
சாட்ஸ்வொர்த்தின் பெண்கள் வரிசை மொத்தமும்
குனிந்துகொண்டு சிரித்தது.

ஓரங்களில் அக்காவின் பென்சில்.
டீச்சருக்குத் தெரியாதிருக்கத் தமிழில்,
சாயங்கால வகுப்பில் கற்ற தமிழில்.
பெண் கேட்க வந்தவன் தன் பெருமையை
இரண்டு பக்கம் பேசும் இடத்தில்:
"தண்ணி குடிடா."
ஓடிப்போன பெண்ணைப் பற்றி
ஊர் பேசும் இடத்தில் கோடு மட்டும்,
தாள் கிழியும் அளவு அழுத்தி.
கடைசிப் பக்கம், மணி அடித்து, எல்லோருக்கும் மணமாகி,
கீழே காலியாக இருந்த இடத்தில்:
"பிரகு?"
றகரம் அவளுக்குக் கடைசிவரை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டாங்கரிலிருந்து இரண்டு கார்.
மாப்பிள்ளை பூபாலன்,
சர்க்கரை ஆலை ஆய்வகத்தில் உத்தியோகம்.
பிளாஸ்டிக் உறை போட்ட சோபாவில்
சத்தம் வராமல் உட்காரப் பாடுபட்டான்.
அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

"பெண்கள் எத்தனை பேர்?"
சமோசாவை ஒடித்தபடி அவன் அம்மா.
தெரிந்தவர்கள் கேட்கும் விதமாகக் கேட்டாள்.
"மூன்று" என்றார் அப்பா.
அதைச் சொல்ல அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில்
நான்கு எண்ணிவிடலாம்.

தட்டு என் கையில் இருந்தது.
"நான்கு. மூத்தவள் சௌந்தரவல்லி.
வென்ட்வொர்த்தில் இருக்கிறாள். ஒரு பையன்."
பையன் உண்டா என்று எனக்குத் தெரியாது.
வாயில் வந்துவிட்டான்.

ஒடித்த சமோசா தட்டுக்குத் திரும்பியது.
பிறகு எல்லோரும் சாலை மோசம் என்றார்கள்,
இருட்டுமுன் போய்ச் சேர வேண்டும் என்றார்கள்.
மணி மூன்றரை.
காருக்குள் ஏறும்போது பூபாலன் ஒருமுறை
திரும்பிப் பார்த்தான்.
நாவலாக இருந்தால் இதற்கு இரண்டு அத்தியாயம்;
மழையில் தனியாகத் திரும்பி வருவான்.
அன்றைக்கும் மழைதான்.
வைப்பர் ஆடியபடி
கார்ட்டினா மேட்டைத் தாண்டிப் போயிற்று.

"உன் தங்கைகளை நினைத்தாயாடி?"
கேட்டருகே நின்று தரகு அங்கம்மா கேட்டாள்.
நினைத்தேன்.
அதையும் நினைத்துத்தான் சொன்னேன் என்றால்
யார் நம்புவார்கள்?
அம்மா மிஞ்சிய சமோசாக்களை
எண்ணி எண்ணி டப்பாவில் அடுக்கினாள்,
என்னைப் பார்க்காமல்.
விளக்கணைத்த பின் சின்னவள்,
ஒன்பது வயது, போர்வைக்குள்ளிருந்து:
"அந்தப் பையன் பெயர் என்ன?"

அப்பா தூங்கவில்லை.
கூடத்தில் விளக்கைப் போட்டு,
தேதி பார்க்க வேண்டும் என்று
காலண்டரைக் கழற்றி
மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.
அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஆணியை.