பூச்சியத்தை எங்கே வைத்தாய்

இரவு பதினொன்று பத்துக்கு
சுக்ரியின் கோப்பு வந்து சேர்ந்தது.
தூண், பீம், அத்திவாரம்,
நாற்பத்தொரு லேயர்.
கல்லடியில், கறகறக்கும் மின்விசிறிக்குக் கீழே
என் சுவர்களின் மேல் அதை வைத்துத் திறந்தேன்.

கட்டடம் கடலில் நின்றது.

பெரியநீலாவணையில்
இரண்டு மாவட்டம் முட்டுகிற வீதியில்
எழும்ப வேண்டிய தாய் சேய் கிளினிக் அது.
என் சுவர்கள் காணிக்குள்தான் இருந்தன.
அவனுடைய தூண்கள் மட்டும்
கிழக்கே அறுநூறு மீற்றர் தள்ளி,
மீன்வாடிகளையும் தாண்டி, நீலத்துக்குள்
வரிசை பிசகாமல், இடைவெளி பிசகாமல்,
எதையும் தாங்காமல்.

வேறு கரையென்றால் சிரித்திருப்பேன்.
எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து
திரையைப் படமெடுத்து அனுப்பினேன்:
பூச்சியத்தை எங்கே வைத்தாய்?

சாய்ந்தமருதில் அவன் எழுதுவதும் அழிப்பதும்
மூன்று புள்ளிகளாய் நெடுநேரம் துடித்தது.
பிறகு வந்தது:
"இனி இப்பிடிப் படம் அனுப்பாத.
கோப்ப மட்டும் அனுப்பு."

காலையில் தேடிப் பார்த்தோம்.
அவன் புள்ளி அம்பாறைக் கந்தோர் தந்தது.
என் புள்ளி மட்டக்களப்புக் கந்தோர் தந்தது.
இரண்டிலும் முத்திரை இருந்தது.

அதற்குள் ஆலையடிவேம்பிலிருந்து
துஜோபனாவின் குழாய்களும் வயர்களும்.
அவள் அடியில் வரைந்ததை
என் கணினி மில்லிமீற்றரில் வாசித்தது.
ஆயிரம் லீற்றர்த் தாங்கி
கடுகாகி என் கூரையில் இருந்தது.
அறைகளின் பெயரைப் பாமினியில் அடித்திருந்தாள்,
என்னிடம் அந்த எழுத்துரு இல்லை.
தமிழ் இருந்த இடமெல்லாம்
கொமாவும் அரைப்புள்ளியும்
குழம்பிப்போன ஆங்கில எழுத்தும்.
ஒன்றை மட்டும் கேட்காமலே அறிந்தேன்:
ஆறடிக்கு ஐந்தடி, ஒரு கை கழுவும் தொட்டி,
உள்ளிருந்து பூட்டும் கதவு,
ஜன்னல் தலைக்கு மேலே.
எந்த எழுத்தில் கிறுக்கினாலும்
அது பாலூட்டும் அறைதான்.

சனிக்கிழமை மூவரும் காணியில் நின்றோம்.
எட்டு மாதம் மின்னஞ்சலில் சண்டை பிடித்தவர்கள்,
முகத்தை அன்றைக்குத்தான் கண்டோம்.
சுக்ரி நான் நினைத்ததைவிடக் குள்ளம்.
துஜோபனா வந்ததும் வராததுமாய்
என் கழிவறைகளின் திசையைக் குறை சொன்னாள்.

பூச்சியத்துக்கு ஒரு பொருள் வேண்டும்,
அசையாதது, எல்லோருக்கும் தெரிவது.
மதில் மூலை? உடைக்கப் போகிறார்கள்.
வேம்பு? பருத்துக்கொண்டே போகும்.
எல்லைக் கல்லை யாரோ எப்போதோ
பிடுங்கிப் படியாக்கியிருந்தார்கள்.

பின்பக்கம் ஒரு கிணறு.
கடல் ஒருதரம் இதற்குள் வந்து போனதாம்,
மூன்று தரம் இறைத்த பிறகும்
ஒரு வருசம் உப்புக் கரித்ததாம்.
காவலுக்கு இருந்தவர்
வாளியைக் கழுவிக்கொண்டே சொன்னார்.
இப்போது நல்ல தண்ணி, குடித்துப் பாருங்கள் என்றார்.
குடித்தோம்.

சுக்ரி சிவப்புப் பெயின்ற்றால்
கிணற்றுக் கட்டில் ஒரு சிலுவைக் கோடு கீறினான்.
கை கொஞ்சம் நடுங்கியதால்
ஒரு கோடு வளைந்துவிட்டது.
பரவாயில்லை, வெட்டுமிடம் ஒன்றுதான்.

அன்றிரவு மூன்று கோப்பையும் ஒன்றாய்த் திறந்தேன்.
அவனுடைய தூண்கள் தண்ணீரைவிட்டு வந்து
என் சுவர்களுக்குள் நின்றன.
தாங்கி தாங்கியாயிற்று.
கமெராவைப் படலையடியில் வைத்து
மெதுவாய் உள்ளே நடத்தினேன்,
விறாந்தை, பதிவு மேசை, படி...

படிக்குக் கீழே சிவப்பாய் மின்னியது:
அவன் பீம் ஒன்று
அவள் கழிவுக் குழாயை நடுவில் அறுத்துக்கொண்டு போகிறது.
"பீம் அசையாது" என்றான்.
"குழாய் மேல்நோக்கி ஓடாது" என்றாள்.
ஒரே இடத்தில் நின்றால்தானே முட்டும்.
திங்கட்கிழமை பார்ப்போம் என்று
கோப்புக்குப் பெயர் வைத்துச் சேமித்தேன்:
கிணறு 1.

ஒன்றோட முடியுமா எண்டு கேட்டான்.
பதினேழு மட்டும் போகும் என்றாள் அவள்.