பானட் மேல் பூனை

கட்டபெட்டில் காலை ஆறு மணி.
ஜனவரிப் புல் உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடந்தது.
போஜா கவுடர் வாசலில் மூன்று வண்டிகள்.
இரண்டின் மேல் உறைபனி.
மூன்றாவதின் மேல் பூனை,
நாலு காலையும் உள்ளே மடக்கி
கண்ணைப் பாதி மூடி.

"நாம பேசுன ஓம்னி அதுதான்" என்றார்.
தெரியுது என்றேன்.

கூட வருகிறேன் என்ற மெக்கானிக் மொய்து
வரவில்லை.
கூடலூர் ரோட்டில் ஏதோ லாரி படுத்துவிட்டதாம்.
போனில் சொன்னது ஒன்றே ஒன்று:
அக்கா, முதல்ல பானட்டைத் தொடுங்க,
அப்புறம் வாயத் தெறங்க.

பூனையைத் தடவுகிற சாக்கில் தொட்டேன்.
அடுப்பிலிருந்து இறக்கி அரைமணி ஆன
வர்க்கித் தட்டின் சூடு.
பதினோரு வருஷமாக வர்க்கி சுடுகிறேன்,
இதில் என்னை ஏமாற்ற முடியாது.

சாவியைத் திருகினார். ஒரே உதறலில் எழுந்தது வண்டி.
"பாத்தீங்களா! பனியாவது மழையாவது."
பூனை குதித்து இறங்கி என்னைப் பார்த்தது.

ஒன்று முப்பத்தைந்து என்றார்.
தொண்ணூறு என்றேன்.
சாவியைச் சட்டைப்பையில் போட்டார்,
மறுபடி எடுத்தார்.
மருமகள் டீ கொண்டுவந்தாள்.
டயர் புதுசு என்றார்.
முன்னால் இரண்டுதானே என்றேன்.
குன்னூர் இறக்கத்தில் பிரேக்கே தொட வேண்டாம்,
செகண்ட் கியரே பிடித்துக்கொள்ளும் என்றார்.
தொட்டால் என்ன ஆகும் என்றேன்.

ஒன்று இருபது.
தொண்ணூற்றைந்து.

"பூனை உங்களுதா?"
"பக்கத்து வீடு."
"தினமும் இது மேலதான் தூங்குமா?"
"சே சே, இன்னிக்குத்தான்..."

தேயிலைச் சரிவுக்கு வெயில் வர
இன்னும் நேரமிருந்தது.
இருவரும் டீயை ஊதினோம்.
ஆறிப்போன டீயை.

ஒன்று ஐந்து, என்றார் டம்ளருக்குள்.
அதற்கு மேல் நானும் பூனையை இழுக்கவில்லை.

பணத்தை இரண்டு முறை எண்ணினார்,
மருமகள் ஒரு முறை.
ஆர்.சி. புத்தகத்தை நெற்றியில் தொட்டுக் கொடுத்தார்.
பிறகு குனிந்து
பின்சக்கரத்துக்கு அடியிலிருந்து
தலையணை அளவு கல்லொன்றை உருவி எடுத்தார்.
"இதையும் கொண்டு போங்க.
ஆறு வருஷமா வண்டி கூடவே இருக்கு.
இதுக்குக் காசு வேணாம்."

ஹேண்ட் பிரேக்கை
நான் இழுத்துப் பார்க்கவில்லை.
மொய்து அதைச் சொல்லவில்லை.

கோத்தகிரி வரை
வர்க்கி டப்பாக்கள் ஏறப்போகிற இடத்தில்
கல் உட்கார்ந்து வந்தது,
வளைவுக்கு வளைவு
தொண்டையைச் செருமிக்கொண்டு.